தைக்காத துணியின் நாணயவியல்

தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பங்களின் பீரோக்களில், பெரும்பாலும் கீழ்த்தட்டில், யாரும் சேர்க்க நினைக்காமலே சேர்ந்துவிட்ட ஒரு தொகுப்பு இருக்கும். கிளிப்பச்சை, வாடாமல்லி, அரக்கு, மாம்பழ மஞ்சள் என்று 80 சென்டிமீட்டர் நீளத்தில், மடிப்புக் கலையாத பிளவுஸ் பிட்டுகள். தபால்தலை சேர்ப்பவருக்கு ஆல்பமும் உண்டு, ஆசையும் உண்டு. இதைச் சேர்ப்பவருக்கு இரண்டும் கிடையாது. ஆயினும் நவராத்திரிக் கொலு, வரலட்சுமி நோன்பு, வளைகாப்பு, கிரகப்பிரவேசம் என்று வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுக்கும் நாள் வரும்போதெல்லாம் அடுக்கு ஓரங்குலம் உயர்கிறது. 'வேண்டாத அன்பளிப்பு' என்று இதை ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவது உலக வழக்கம். அந்த வழக்கு பிழையானது. பிளவுஸ் பிட் அன்பளிப்பே அல்ல, அது நாணயம். யாருக்கும் அது வேண்டாமல் இருப்பதே அந்தப் பதவிக்கு அதன் முதல் தகுதி. இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சான்றுகளைத் தாம்பூலத் தட்டிலிருந்தே தொடங்கலாம். பூ மறுநாள் வாடும், பழம் மூன்றாம் நாள் கறுக்கும், தேங்காய் சட்னியாகிவிடும். வாங்கிய உருவிலேயே இன்னொரு வீட்டுக்குப் புறப்படும் ஆற்றல் துணிக்கு மட்டுமே உண்டு. அழியாமை, எடையின்மை, ஒரே அளவு, பார்த்த மாத்திரத்தில் இன்னதென்று தெரிதல் என்று பாடநூல்கள் பணத்துக்குச் சொல்லும் இலக்கணம் அனைத்தும் இதற்குப் பொருந்தும். வாங்குபவர் ஒல்லியா பருமனா என்று கொடுப்பவர் ஒருநாளும் யோசிப்பதில்லை. ரூபாய் நோட்டை நீட்டும்போது யார் அதை யோசிக்கிறார்கள்? இதைவிட வலுவான சான்று கிரெஷாம் விதி. நல்ல காசுக்கும் மட்டக் காசுக்கும் ஒரே மதிப்பென்று ஆகிவிட்டால், மக்கள் நல்லதைப் பதுக்கிக்கொண்டு மட்டத்தையே செலவழிப்பார்கள் என்கிறது அது. நல்ல டூ பை டூ பருத்தி கிடைத்த வீட்டில் அது அந்த வாரமே டெய்லர் கைக்குப் போய்விடுகிறது. மேட்சிங் சென்டர்க்காரரே கண்டிராத நிறத்தில் மினுமினுக்கும் பாலியஸ்டர்தான் அடுத்த தட்டில் ஏறுகிறது.

மானிடவியலும் நம் பக்கமே நிற்கிறது. பசிபிக் கடலின் ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் நடக்கும் 'குலா' பரிமாற்றத்தை மாலினோவ்ஸ்கி 1922இல் நூலாக எழுதினார். அங்கே சிவப்புச் சிப்பி மாலைகள் கடிகாரச் சுற்றிலும், வெண்சங்குக் கைவளைகள் எதிர்ச்சுற்றிலும் தீவுக்குத் தீவு போகும். எவரும் எதையும் நெடுநாள் வைத்துக்கொள்வதில்லை. அதே தீவுகளில் பெண்களின் செல்வத்தை அவர் சரியாக மதிக்கவில்லை என்று 1976இல் எடுத்துக்காட்டியவர் அனெட் வைனர். பெண்கள் வாழையிலைக் கீற்றுகளைக் கட்டுக்கட்டாகக் கட்டி, சாவுச் சடங்குகளில் பங்கிட்டுக் கொடுத்தார்கள். வேறெதற்கும் உதவாத அந்தக் கட்டுகளே குடும்பத்தின் மதிப்பைத் தாங்கின. நம் சுற்றுக்கோ ஒரே விதிதான்: கொடுத்தவருக்கே திரும்பக் கொடுக்கக் கூடாது. இதற்காகத் துணிக்குள் பெயரெழுதிய துண்டுச்சீட்டுச் செருகும் குடும்பங்கள் உண்டு. சீட்டு விழுந்துவிட்டால் துணி பிறந்த வீடு திரும்பும், "இது நம்ம பச்சையாச்சே!" என்ற சிரிப்பு அந்த வீட்டில் பல கொலுக்களுக்கு ஓடும். அந்தச் சிரிப்பைத் தணிக்கை அறிக்கையாகவே கொள்ள வேண்டும்: நாணயம் ஒரு முழுச்சுற்றுச் சுற்றி வந்திருக்கிறது, நடுவில் ஒரு வீடுகூட உறவை அறுத்துக்கொள்ளவில்லை.

பொருளியலார் இதை மறுப்பார்கள். கிறிஸ்துமஸ் பரிசுகளைப் பெற்றவர்கள் அவற்றுக்குத் தரும் மதிப்பு விலையைவிடக் குறைவு என்றும், 10 சதவீதம் முதல் மூன்றிலொரு பங்குவரை வீணாகிறது என்றும் ஜோயல் வால்ட்ஃபோகல் 1993இல் கணக்கிட்டார். கணக்கில் குற்றமில்லை, ஆனால் அது பரிசு பெற்றவரோடு நின்றுவிடுகிறது. பத்து வீடு ஏறி இறங்கும் துணிக்குக் கடைசிக் கை ஏது? 'சிலர் தைத்துக்கொள்கிறார்களே' என்பது அடுத்த மறுப்பு. லைனிங்கும் தையற்கூலியும் துணி விலையைப் பல மடங்கு தாண்டுகின்றன. புடவையோ பிளவுஸையும் சேர்த்துக்கொண்டே வருகிறது. ஆகவே தைப்பவர்கள் விதிவிலக்குகள். கைம்பெண்களுக்கு இந்தத் தட்டை நீட்டாத பழைய கொடுமையைச் சுட்டுவோர்க்கு மட்டும் சமாதானம் சொல்ல இயலாது. மறுக்கப்பட்டது முக்கால் மீட்டர்ச் சொச்சம் துணியல்ல, கூட்டத்தில் ஓர் இடம். அவ்வளவு கனத்தை வெறும் துணி தாங்காது என்பதையும் அந்தக் கொடுமையே காட்டிவிடுகிறது.

அண்மையில் பிளாஸ்டிக் டப்பாக்களும் எவர்சில்வர் கிண்ணங்களும் துணியின் இடத்தைப் பிடிக்கப் பார்க்கின்றன. அவற்றால் முடியாது. டப்பாவில் மறுநாளே துவரம்பருப்பு குடியேறிவிடும். பயன்பட்ட பொருள் சுற்றுக்குத் திரும்பாது. நாணயத்தை உருக்குவதை 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. அந்த நியாயப்படி, சுற்றில் வந்த பிளவுஸ் பிட்டைத் தைத்து உடுத்துவதும் குற்றமே. முதல் குற்றத்துக்கு எச்சரிக்கை போதும் என்பதும், பிளவுஸ் கச்சிதமாக அமைந்துவிட்டால் அதையும் தள்ளுபடி செய்யலாம் என்பதும் இவ்வாய்வின் பரிந்துரைகள்.