கேமரா முதலா, கயிறு முதலா?

கேள்வி: ஸ்கை டைவிங் லைசென்ஸ் வாங்கிவிட்டேன். ஹெல்மெட்டில் கேமரா மாட்டிக்கொண்டு குதிக்க ஆசை. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: எத்தனை முறை குதித்திருக்கிறீர்கள்? அமெரிக்க பாராசூட் சங்கம் 200-ஐத் தாண்டிய பிறகே கேமராவைப் பற்றி யோசிக்கச் சொல்கிறது. கேமரா என்னவோ தம்மாத்தூண்டுதான். பாராசூட் விரியும்போது கயிறு சிக்க அதன் ஓரமே போதும். எனவே மெகாபிக்சலை விடுங்கள், மவுண்டைப் பாருங்கள். ஹெல்மெட்டோடு ஒட்டி உட்கார வேண்டும். கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தால் வேண்டவே வேண்டாம். இடுக்குகளுக்கு டேப் போடுங்கள். அப்படியும் கயிறு சிக்கினால், ஒரே இழுப்பில் ஹெல்மெட்டைக் கழற்றிவிடும் தாடைப் பட்டை கட்டாயம். அதைத் தரையிலேயே, கண்ணை மூடிக்கொண்டு இழுத்துப் பழகுங்கள். கேமரா போனால் இன்னொன்று வாங்கலாம், கழுத்துக்கு ஸ்பேர் கிடையாது!

அதைவிடப் பெரிய வில்லன் கவனச்சிதறல். மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் விழும்போது, 'ரெக்கார்ட் ஆகிறதா?' என்று 5 விநாடி குழம்பினால் சுமார் 280 மீட்டர் காலி. 1988-ல் வட கரோலினாவில், 800 தடவைக்கு மேல் குதித்த ஒருவர் படம்பிடிக்கும் மும்முரத்தில் பாராசூட்டையே மாட்டாமல் குதித்து இறந்தார். விழும்போது உயரத்தை மறக்காமலிருக்க, காதருகே 'பீப்' அடிக்கும் உயரமானி ஒன்றும் வாங்கிவிடுங்கள். லைக் வாங்க நீங்களும் இருக்க வேண்டுமே!