குதிரை வேண்டாம்!

முதுகில் ஒரு பெரிய மூட்டை, மார்பில் ஒரு சின்ன மூட்டை. இடையில் தெரிவது முகம். காலில் யானை படம் போட்ட தாய்லாந்துத் தொளதொளா கால்சட்டை. குவாத்தமாலாவின் ஆன்டிகுவா நகரத்துக் கல் பாவிய தெருவில் இப்படி ஒருவர் தள்ளாடி வந்தால், அவர்தான் முதுகுப்பைப் பயணி. எந்தச் சுமையும் இல்லாமல் வாழவே வீட்டைவிட்டுக் கிளம்பியதாகச் சொல்வார்.

சிக்கனம் அவருக்கு விரதம். அமெரிக்கப் பள்ளிகள் கழித்துக்கட்டிய பேருந்துக்கு இங்கே பளபளவென்று வண்ணம் அடித்து ஓட்டுகிறார்களே, அந்தக் ‘கோழி பஸ்’ஸில்தான் வருவார். எட்டுப் பேர் குறட்டை விடும் அறையில் மேல் படுக்கை. டோர்ட்டியா சுடும் அம்மாவிடம் ஒரே ஒரு கெட்சால் காசுக்காகக் கால் மணி நேரம் பேரம் பேசுவார். விரதம் சாயங்காலம் முடியும். மொட்டைமாடி பாரில் பீர் என்ன விலை என்று கேட்கவே மாட்டார்.

வரலாற்றிலும் ஆர்வம் உண்டு. 1773 நிலநடுக்கத்தில் ஊர் நொறுங்கி, 1776-இல் ஸ்பானியர்கள் தலைநகரையே வேறிடத்துக்கு மாற்றிக்கொண்டு போனார்கள். விட்டுப்போன இடிந்த தேவாலயத் தூண்களெல்லாம் இவர் சாய்ந்து நின்று படம் எடுக்கத் தோதாக இருக்கின்றன. மஞ்சள் நிறச் சாந்தா கத்தலீனா வளைவு, கன்னியாஸ்திரீகள் தெருவார் கண்ணில் படாமல் எதிர்ப்பக்கம் போய்வரக் கட்டியது. அதன் அடியில் நின்றுதான் உலகமே தன்னைப் பார்க்கட்டும் என்று போன் கையை நீட்டுவார்.

மறுநாள் பகாயா எரிமலை. உயரம் 2,552 மீட்டர். அடிவாரத்தில் குதிரைக்காரர்கள் “டாக்சி! டாக்சி!” என்று சூழ்ந்துகொள்வார்கள். “வேண்டாம், நான் நடப்பவன்” என்பார் நிமிர்ந்து. ஒரு குதிரைக்காரர் மட்டும் வாதாடாமல், குதிரையைப் பிடித்துக்கொண்டு பத்தடி பின்னால் வருவார்.

கரிய எரிமலை மண். ஓரடி ஏறினால் அரையடி சறுக்கும். முதல் வளைவில் “டாக்சி?” என்று குரல் வரும். புன்னகையோடு மறுப்பார். இரண்டாவது வளைவில் மறுப்பு மட்டும் வரும், புன்னகை வராது. மூன்றாவதில் குனிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, ஏதோ ஒரு பூவை வெகுநேரம் ரசிப்பார். குதிரையும் நிற்கும். எந்த வளைவில் எந்த மாதிரி நெஞ்சு அடைக்கும் என்பது அந்த மனிதருக்கு மனப்பாடம். அவர் கேட்பதைக்கூட நிறுத்திவிட்டுச் சேணத்தைத் தட்டிச் சரிசெய்வார். நம்மவர் ஏறிவிடுவார். பேரம் பேச மூச்சு இருக்காது.

மேலே, ஆறாத எரிமலைப் பாறையின் சூட்டில் மார்ஷ்மெல்லோ வாட்டிச் சாப்பிட்டு, குதிரை விழாதபடி படம் பிடித்து இறங்குவார்.

அன்றிரவு விடுதிக்குப் புதிதாக ஒரு மூட்டை வந்து சேரும். “பகாயா எப்படி?” என்று கேட்கும்.

“குதிரையில மட்டும் ஏறிடாதே, தம்பி. மலையை உணரணும்னா நடந்துதான் போகணும்!”

குதிரைக்காரருக்கு நாளைய சவாரியும் உறுதி.