குரைக்க அரை மணி நேரம்

அன்புள்ள மாமாவுக்கு,

ஹனோவரிலிருந்து மருமகன் எழுதுவது. நாங்கள் மூன்று பேரும் நலம். புதிதாக வந்து சேர்ந்திருக்கும் நாலாவது ஆளும் நலம். அவனைப் பற்றி அம்மா போனில் பாதி சொல்லிவிட்டாள் என்று தெரிகிறது. "நாய் வளக்கதுக்குப் பரீட்சை எழுதுனானாம்" என்றதைக் கேட்டு நீங்கள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்களாம். அத்தை மட்டும், "அங்க வேலை கீலை போயிட்டா அவனுக்கு?" என்று கவலைப்பட்டாளாம். வேலை இருக்கிறது அத்தை. பரீட்சையும் நிஜம்தான்.

நாங்கள் இருக்கும் நீடர்சாக்சன் மாநிலத்தில் 2013 ஜூலையிலிருந்து அப்படி ஒரு சட்டம். புதிதாக நாய் வளர்க்கிறவன் நாயைக் கொண்டுவருமுன் ஓர் எழுத்துத் தேர்வு எழுத வேண்டும். கொண்டுவந்த ஒரு வருடத்துக்குள் நாயோடு போய்ச் செய்முறைத் தேர்வும் கொடுக்க வேண்டும். அண்மையில் தொடர்ந்து இரண்டு வருடமாவது நாய் வளர்த்தவர்களுக்கு விலக்கு உண்டு. அதைப் படித்ததும் உங்கள் ஞாபகம்தான் வந்தது. சிப்பிப்பாறைக் குட்டி வாங்க நினைக்கிற எவன் உங்களிடம் யோசனை கேட்காமல் போயிருக்கிறான்? ஆனால் மாமா, இங்கே அனுபவத்துக்கும் அத்தாட்சி வேண்டும். நாய் வரி கட்டிய ரசீதைக் காட்டு என்பார்கள். உங்களிடம் வீட்டு வரி ரசீதே ஒழுங்காக இருக்காது.

ஆமாம், நாய்க்கு வரி. 1810-இல் பிரஷ்யாவில் ஆடம்பர வரி என்று சொல்லிப் போட்டது. நெப்போலியனிடம் தோற்று, பிரான்சுக்குத் தண்டம் கட்டப் பணம் தேடிக்கொண்டிருந்த காலம் அது. நெப்போலியன் போய்ச் சேர்ந்து இருநூறு வருடம் ஆகிவிட்டது, வரி போகவில்லை. இப்போது அந்தந்த ஊராட்சி வசூலிக்கிறது. பூனைக்கு வரி கிடையாது. இந்த அநியாயத்தை நான் இன்னும் செவலையிடம் சொல்லவில்லை.

செவலை என்பது அவன் பெயர். போட்டோவைப் பார்த்தால் நம் பஸ் ஸ்டாண்டு டீக்கடை வாசலில் படுத்திருப்பானே ஒருத்தன், அவனுடைய சித்தப்பா மகன் என்றுதான் சொல்வீர்கள். ருமேனியாவில் தெருவில் திரிந்தவன். அங்கே பிடித்துக் காப்பகத்தில் அடைத்திருந்தார்கள். ஒரு தொண்டு அமைப்பு இங்கே கொண்டுவந்தது. அந்த நாட்டுத் தெருநாய்கள் ஜெர்மனியில் இப்படி ஏகப்பட்ட வீடுகளில் குடியேறியிருக்கின்றன. காதுக்குக் கீழே தோலுக்குள் ஒரு சிப் இருக்கிறது, ஊசி போட்ட கணக்கு இருக்கிறது. அவன் யாரையாவது கடித்தாலோ எதையாவது உடைத்தாலோ ஈடுகட்டக் காப்பீடும் இருக்கிறது. அது இந்த மாநிலத்தில் கட்டாயம், ஆளுக்குச் சேதம் என்றால் குறைந்தது 5 லட்சம் யூரோவுக்கு எடுத்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நீல அட்டை போட்ட ஐரோப்பிய ஒன்றியத்துப் பாஸ்போர்ட் அவனுக்கு இருக்கிறது. எனக்கு இன்னும் தங்கும் அனுமதி அட்டைதான். விமான நிலையத்தில் நாங்கள் நின்றால் யார் யாரை அழைத்துவந்தார்கள் என்று கேட்கக்கூடும்.

"நாயைக் குளிப்பாட்டி நடுவீட்ல வச்சாலும்" என்று நீங்கள் ஆரம்பிப்பது இங்கே கேட்கிறது. நடுவீட்டில் வைப்பதுதான் மாமா எங்களுக்குப் பாடமே. தெருவில் பிறந்தவனுக்கு வீடு என்பது என்னவென்றே தெரியவில்லை. மாடிப்படியைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான். வாக்குவம் கிளீனர் போட்டால் கட்டிலுக்கடியில் போய்விடுவான். அடுப்புக் கண்ணாடியில் தெரிந்த நாயோடு கொஞ்ச நாள் பகை. அதெல்லாம் தெளிந்த பிறகு வீட்டை முழுதாகத் தன் பெயருக்குப் பட்டா போட்டுக்கொள்ளப் பார்த்தான். அதனால் மூன்று எல்லை வகுத்தோம்: சமையல் பகுதி, சோபா, கட்டில்.

சமையல் பகுதிதான் பெரிய பிரச்சினை. இந்த வீட்டில் அடுக்களைக்குக் கதவு கிடையாது, கூடத்தின் ஓர் ஓரம்தான் அடுக்களை. நம் சாப்பாடோ நாய்க்கு முக்கால்வாசி விஷம். சின்ன வெங்காயம், பெரிய வெங்காயம், பூண்டு மூன்றும் அதன் ரத்தச் சிவப்பணுவைச் சிதைத்துவிடும். திராட்சை, உலர்திராட்சை சிறுநீரகத்தைப் பாதிக்கும். ஆக சாம்பார் கூடாது, ரசம் கூடாது, வடை கூடாது, பாயசத்தில் மிதக்கிற கிஸ்மிஸ் கூடவே கூடாது. ஊரில் அத்தை வைத்த மிச்சக் குழம்புச் சோற்றைத் தின்று உங்கள் நாய்கள் எப்படிப் பிழைத்தன என்று நான் கேட்கமாட்டேன்.

தரையில் நீல டேப் ஒட்டிக் கோடு போட்டோம். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு பாய். பாயில் படுத்திருந்தால் அவ்வப்போது ஒரு துண்டுத் தீனி பாய்க்கே வந்து விழும். கோட்டைத் தாண்டினால் சமையல் நிற்கும், ஆள் எழுந்து குறுக்கே நடந்து அவனைப் பின்னால் போக வைக்க வேண்டும். அவ்வளவுதான் வைத்தியம். அடி, அதட்டல் கிடையாது. முள் வைத்த கழுத்துப்பட்டை போட்டுப் பழக்குவதை 2022-இலிருந்து நாடு முழுக்கத் தடையே செய்துவிட்டார்கள். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த நாய்ப் பள்ளிக்கூடத்து அம்மாள் வைத்தது ஒரே நிபந்தனை: வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நடக்க வேண்டும். நம் குடும்பத்தில் அது நடக்குமா என்று அந்த அம்மாளுக்கு யார் சொல்வது?

நான் கூடாது என்பேன். செல்வியும் கூடாது என்பாள், சொல்லிக்கொண்டே தோசையின் முறுவல் ஓரத்தைக் கிள்ளிக் கீழே விடுவாள். யாழினி மட்டும்தான் உறுதி. ஜெர்மன் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிற பிள்ளைக்கு விதி என்றால் விதி. அம்மாவைக் கையும் தோசையுமாகப் பிடித்து எச்சரிக்கிறாள். செவலையும் சட்டம் படித்தவன்தான். இப்போது முன்கால் இரண்டையும் டேப்பை ஒட்டி, ஒரு நூல் கூடத் தாண்டாமல் வைத்துக்கொண்டு, கழுத்தை மட்டும் அந்தப் பக்கம் நீட்டிப் படுக்கிறான். மூக்குக்கு எல்லை உண்டா என்று வீட்டில் வழக்கு நடந்தது. கால்தான் கணக்கு என்று யாழினி தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

இது சின்னப் பாடம் மாமா. பெரிய பாடம், தனியாக இருக்கப் பழக்குவது.

உங்கள் வீட்டில் நாய் தொழுவத்தில் படுக்கும், வாசலில் படுக்கும், நிலைப்படி தாண்டி வந்து நான் பார்த்ததில்லை. யாரும் உட்கார்ந்து பழக்கவுமில்லை. அத்தையின் விளக்குமாறு கதவுக்குப் பின்னால் இருப்பது அதற்குத் தெரியும், அவ்வளவுதான். தனிமை என்பதற்கு அங்கே இடமே இல்லை. ஆச்சி திண்ணையில் இருப்பாள், பால்காரர் வருவார், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வரும். வீடு காலியானால்தானே நாய் தனியாகும்? இங்கே காலை எட்டு மணிக்கு இந்தக் கட்டடத்தில் பாதி வீடு காலி. செவலை பிறந்ததிலிருந்து கூட்டத்தோடு திரிந்தவன். கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும் ஊளையிட ஆரம்பித்தான். அது குறும்பில்லை, பயம் என்கிறார்கள்; பயந்த நாயைத் திட்டினால் பயம் இரட்டிப்பாகும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பழக்க வேண்டும். ஒரு நிமிடம் வெளியே போய் உள்ளே வா, அப்புறம் இரண்டு, அப்புறம் ஐந்து; அவன் பயப்படத் தொடங்குமுன் திரும்பிவிட வேண்டும். போகும்போதும் வரும்போதும் கொஞ்சல், விடைபெறல் எதுவும் கூடாது. நம்மவர்கள் வாசல்வரை வந்து, படியில் நின்று, பஸ் ஸ்டாப் வரை கூடவந்து வழியனுப்புவதையெல்லாம் பார்த்தால் அந்த அம்மாள் மயங்கி விழுந்துவிடுவார்.

இதில் இன்னொரு சங்கடம். நாம் கிளம்பப்போகிறோம் என்பதை நாய் முன்கூட்டியே கண்டுபிடித்துவிடும். நீங்கள் என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவீர்கள். இங்கே குளிர்காலத்தில் காலுறை, பூட்ஸ், ஸ்வெட்டர், கோட்டு, மப்ளர், குல்லா, கையுறை என்று கிளம்புவதே ஒரு சடங்கு. கையுறைக்கு வருமுன் அவன் கண்ணில் நீர் கட்டிவிடும். அதற்கும் வைத்தியம் உண்டு: எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு எங்கேயும் போகாமல் இருப்பது. சாவிக்கொத்தைக் குலுக்கிவிட்டு டிவி பார்ப்பது. சாவி என்றால் பிரிவு என்ற கணக்கு அவன் மனதில் அழிய வேண்டும். எனவே மாமா, உங்கள் மருமகன் ஹீட்டர் ஓடுகிற வீட்டுக்குள் கோட்டும் குல்லாவுமாக உட்கார்ந்து உப்புமா சாப்பிட்டான். எதிர்க் கட்டடத்து ஜன்னலில் ஒருவர் பார்த்துவிட்டுத் திரையை இழுத்துக்கொண்டார்.

கதவுக்கு வெளியே நிற்கிற பாடம் அதைவிட மோசம். கீழே இறங்கிப் போக முடியாது, சத்தம் வருகிறதா என்று கேட்க வேண்டும். மாடிப்படியில் உட்கார்ந்து, போனில் கேமராவைப் பார்த்துக்கொண்டு, என் வீட்டுக் கதவிலேயே காதை வைத்துக்கொண்டிருப்பேன். மேல் வீட்டுப் பாட்டி ஒருவர், எண்பது வயதுக்கு மேல் இருக்கும், ஏறும்போதும் இறங்கும்போதும் என்னைப் பார்த்து வணக்கம் சொல்லிப் போவார். ஒரு கேள்வி கேட்கவில்லை. ஒரு நாள் கல்படி சில்லென்று இருக்கும் என்று ஒரு திண்டு கொண்டுவந்து கொடுத்தார். அப்புறம் செல்வியைத் தனியாகப் பிடித்து, கணவன் மனைவிக்குள் சண்டை என்றால் பேசித் தீர்த்துவைக்க ஊரில் ஆலோசனை நிலையங்கள் இருக்கின்றன, செலவு ஒன்றும் பெரிதாக ஆகாது என்று மெதுவாகச் சொல்லியிருக்கிறார்.

விஷயம் தெரிந்த பிறகு பாட்டி எங்கள் கட்சி. அவர் சொல்லித்தான் கொலோன் தீர்ப்பு தெரிந்தது. 1993-இல் அங்கே உயர் நீதிமன்றத்தில் குரைப்பு வழக்கு ஒன்று வந்திருக்கிறது. இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரையும், மதியம் 1-இலிருந்து 3 வரையும் நாய்ச் சத்தம் கேட்கக் கூடாது. மற்ற நேரத்தில் ஒரு மூச்சில் 10 நிமிடத்துக்கு மேல் கூடாது, ஒரு நாளில் மொத்தம் 30 நிமிடத்துக்கு மேல் கூடாது என்று தீர்ப்பு. நாய் அதை எப்படிக் கணக்கு வைத்துக்கொள்ளும் என்பதற்குத் தீர்ப்பில் பதில் இருப்பதாகத் தெரியவில்லை. அது அந்த ஒரு வழக்குக்குத்தான், ஆனாலும் நாய் வைத்திருக்கிறவர்கள் எல்லோர் வாயிலும் அந்த 30 நிமிடம் இருக்கிறது. செவலை தன் பங்கை அணிலுக்கே செலவழித்துவிடுகிறான்.

எவ்வளவு நேரம் தனியே விடலாம் என்று சட்டத்தில் மணிக்கணக்கு இல்லை. பழகின நாயை நாலைந்து மணி நேரம் விடலாம் என்று பழக்குகிறவர்கள் சொல்கிறார்கள். மணிக்கணக்கு வைக்க ஒருமுறை முயன்றார்கள், அது நடக்கக் கூட்டிப்போவதற்கு. 2020-இல் வேளாண்மை அமைச்சராக இருந்த யூலியா க்ளோக்னர், தினம் இரண்டு தடவை, மொத்தம் ஒரு மணி நேரமாவது நாயை வெளியே கூட்டிப்போக வேண்டும் என்று விதி கொண்டுவரப் போவதாகச் சொன்னார். நாடே கிளர்ந்துவிட்டது. என் கிழட்டு நாய் எப்படி நடக்கும் என்று ஒரு கூட்டம், போலீஸ் வந்து கடிகாரம் பார்க்குமா என்று ஒரு கூட்டம். கடைசியில் வந்த விதியில் மணி இல்லை, போதுமான அளவு என்று மட்டும் இருக்கிறது. மழை பெய்கிற ஜனவரியில் காலை ஆறு மணிக்கு போதுமான அளவு எவ்வளவு என்பதில் எனக்கும் செவலைக்கும் அபிப்பிராய பேதம் உண்டு.

இப்போது மூன்று மணி நேரம் தனியே இருக்கிறான், சத்தமில்லை. எப்படி இவ்வளவு சமர்த்தாக இருக்கிறான் என்று ஆபீசிலிருந்து கேமராவில் பார்த்தேன். சோபாவின் நடுவில், செல்வியின் சால்வைமேல், நாலு காலும் மேலே பார்க்கப் படுத்திருந்தான். சாவி சத்தம் கேட்டதும் இறங்கிப் பாய்க்குப் போய் எழுந்து நிற்கிறான், அப்பொழுதுதான் தூங்கி விழித்த முகத்தோடு. இதை யாழினியிடம் நாங்கள் இன்னும் சொல்லவில்லை. தெரிந்தால் தீர்ப்பு கடுமையாக இருக்கும்.

இனி இந்தக் கடிதத்தின் காரணத்துக்கு வருகிறேன். எனக்கும் செல்விக்கும் சில நாட்கள் ஒரே நேரத்தில் ஆபீஸ் போக வேண்டியிருக்கிறது. நாய்களுக்குப் பகல் காப்பகம் இருக்கிறது. அவர்கள் கேட்கிற பணத்தைப் பார்த்தால் நானே போய்ப் படுத்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. மேல்வீட்டுப் பாட்டி தயார்தான், ஆனால் இவன் இழுக்கிற இழுப்புக்கு அவர் தாங்கமாட்டார். நீங்களும் அத்தையும் மே மாதம் வந்து தங்குங்கள். விருந்தினர் விசா 90 நாள் வரை கிடைக்கும். உங்கள் செலவுக்கெல்லாம் நான் பொறுப்பு என்று இங்கே அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். செவலைக்குப் போட்டதைவிடச் சின்னத் தாள்தான். பக்கத்திலேயே அய்லன்ரீடே என்று ஒரு காடு, ஊருக்கு நடுவே சுமார் 640 ஹெக்டேர். காலையில் அவனோடு நடக்கலாம். ஏப்ரல் முதல் ஜூலை பாதி வரை பறவைகள் குஞ்சு பொரிக்கிற காலம், கயிற்றை அவிழ்க்கக் கூடாது, அதை மட்டும் நினைவில் வையுங்கள்.

அத்தையிடம் சொல்லுங்கள்: நெய்யும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் விமான நிலையத்திலேயே பறிமுதலாகிவிடும், பால் சாமான் ஐரோப்பாவுக்குள் கொண்டுவரக் கூடாது. கருவாடு ஆளுக்கு 20 கிலோ வரை கொண்டுவரலாம். கோவில்பட்டிக் கடலைமிட்டாய் எவ்வளவு வேண்டுமானாலும் கொண்டுவாருங்கள். விளக்குமாறு மட்டும் வேண்டாம். பாஸ்போர்ட் காலாவதித் தேதியைப் பார்த்து இந்த வாரமே போன் செய்யுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்