சில்லு நிக்கட்டும்

ஆடி பிறந்தால் பூநகரிக்குச் சூரிச் மாமா வந்துவிடுவார். இன்னார் வீட்டு மாமா என்று குறித்துச் சொல்லத் தேவையில்லை; வீட்டுக்கு வீடு ஒருவர் இருக்கிறார். அரைக் காற்சட்டை, நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு சின்னப் பை, நெற்றி நிறையத் திருநீறு. வாடியடிச் சந்திப் பக்கம் போனால், மஞ்சட் கடவையின் ஓரத்தில் நிற்பதைக் காணலாம். வீதியைக் கடக்கப் போகிறார். அரை மணித்தியாலமாகக் கடக்கப் போகிறார்.

அவர் ஊரைவிட்டுப் போன காலத்தில் சங்குப்பிட்டியில் பாலம் இல்லை, 'பாதை' என்ற மிதவைதான். அதில் யார் முந்துவது என்ற கேள்வியே இல்லை. எல்லாரும் ஒன்றாகக் காத்துக்கிடந்தார்கள். 2011 தையில் 288 மீற்றர் பாலம் திறந்த பிறகு ஏ-32 வீதிக்குச் சுறுசுறுப்பு வந்துவிட்டது. யாழ்ப்பாணம்–மன்னார் பஸ், மீன் ஏற்றும் கூலர், மணல் டிப்பர் எல்லாம் பறக்கின்றன. மாமா நிற்கிறார்.

அவர் நிற்பதற்கு ஒரு சாத்திரம் உண்டு. சுவிஸில் சின்னப் பிள்ளைகளுக்குப் பொலிஸ்காரரே பள்ளிக்கூடத்துக்கு வந்து சொல்லிக்கொடுப்பது: நில், பார், கேள், நட. அதற்கு மேல் இன்னொன்று: சில்லு நின்றால்தான் பிள்ளை போகலாம். பிள்ளைகள் மறந்துவிட்டார்கள்; மாமா மறக்கவில்லை. ஒரு டிப்பர்க்காரன் பாவம் பார்த்து வேகத்தைக் குறைத்து, ஊர்ந்தபடி கையைக் காட்டினான்.

"ஐயா, போங்கோ."

"முதல்ல சில்லு நிக்கட்டும் தம்பி."

"நிண்ட மாதிரித்தானே ஐயா!"

"நிண்ட மாதிரி வேற, நிக்கிறது வேற."

டிப்பர் போய்விட்டது.

லைற் விஷயம் இன்னும் மோசம். சுவிஸில் எதிரே வரும் கார் ஒருமுறை லைற் அடித்தால், 'நீங்கள் போங்கள்' என்று கருத்து. மன்னார் பஸ் அடித்தால், 'நான் வாறன், உன்ர பாட்டை நீ பார்'. வந்த முதல் நாள் நன்றி சொல்லிக் கையுயர்த்தியபடி மாமா வீதியில் இறங்கினார். பக்கத்தில் நின்ற மீன்காரப் பெண் சேர்ட்டைப் பிடித்து இழுத்திராவிட்டால் இதை நான் அஞ்சலிப் பகுதிக்குத்தான் எழுதியிருப்பேன்.

பின்னேரம் விறாந்தையில் வகுப்பு நடக்கும். "எங்கட சுவிஸில கடவையில காலை வைச்சால் பென்ஸ் காரும் நிக்கும், மந்திரியின்ர காரும் நிக்கும். ட்ராம் மட்டும் நிக்காது!" இதில் பொய் இல்லை. விளக்கில்லாத கடவையில் முன்னுரிமை நடப்பவருக்கு, ட்ராம் வந்தால் தவிர என்று அந்த நாட்டுச் சட்டமே சொல்கிறது. இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சில்லு. நினைத்த இடத்தில் நிறுத்தவும் ஏலாது, விலத்தவும் ஏலாது. சூரிச்சில் ஓடும் ஒருவகை ட்ராம் 36 மீற்றர் நீளம், நாற்பது தொன்னுக்குக் கிட்ட நிறை. பெயர் கோப்ரா.

"நாகமெண்டால் பேந்தென்ன?" என்றார் பெரியம்மா. "நாகதம்பிரானுக்குக் குறுக்க ஆர் போறது?"

சுவிஸ் சட்டத்துக்கு இதைவிட நல்ல உரை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ட்ராமுக்கென்று தனி விளக்கும் உண்டு. ஜேர்மனியில் வெள்ளைக் கோடு படுத்திருந்தால் ட்ராம் நிற்கவேண்டும், நிமிர்ந்தால் போகலாம் என்று மாமா விரலால் காட்டினார். லைசென்ஸ் இல்லாத மருமகன் உடனே பிடித்துக்கொண்டான். "எங்களுக்கு அது மறுவளம் மாமா. சந்தியில பொலிஸ்காரர் கதிரையில இருந்தால் போகலாம், நிமிர்ந்தால் நிக்கவேணும்."

மூலையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அப்புவுக்கு இந்தப் பாடமெல்லாம் வேண்டியிருக்கவில்லை. கொழும்பில் 1899இலிருந்து 1960வரை ட்ராம் ஓடியது. அதன் கடைசிக் காலத்தில் அப்பு அங்கே கடைப் பொடியன். "கிராண்ட்பாஸ் ட்ராமில இருந்து ஓட ஓடக் குதிச்சனாங்கள். ஆர் விளக்குப் பாத்தது?" மாமா அன்றிரவு சாப்பிடவில்லை.

விடியத் தெளிவோடு எழும்பினார். கடவையில் எது நிற்காதோ அது ட்ராம். அப்படிப் பார்த்தால் பூநகரியில் ஓடுவதெல்லாம் ட்ராம். டிப்பருக்கு மேலதிகச் சான்றும் கையில் இருந்தது: பிறேக் பிடிக்கும்போது சில்லு வழுக்காமலிருக்க ட்ராம் தண்டவாளத்தில் மணல் தூவும். எங்கள் டிப்பரும் வீதி நெடுக மணல் தூவிக்கொண்டுதான் போகிறது. பிறேக் பிடிப்பதில்லை, அவ்வளவுதான்.

அன்று பொழுதுபட, பட்டிக்குத் திரும்பும் மாடுகள் ஏ-32 இல் ஏறின. மன்னார் பஸ் நின்றது. கூலர் நின்றது. டிப்பரும் நின்றது. மாமா குனிந்து ஒவ்வொரு சில்லாகப் பார்த்தார். பிறகு இரண்டு பசுக்களுக்கு நடுவே புகுந்து, கையுயர்த்தி எல்லாருக்கும் நன்றி சொல்லியபடி வீதியைக் கடந்தார்.

இப்போது மனு எழுதுகிறார். தலைகீழ் முக்கோண வழிவிடு பலகை ஒன்று அந்த இடத்தில் வேண்டுமாம். எழுதிக்கொடுக்கும் மருமகன் நடுவில் பேனையை நிறுத்தினான்.

"மாமா, பலகையை எந்தப் பக்கம் பாக்க நடுறது? பஸ்ஸுக்கோ, மாட்டுக்கோ?"

மாமா யோசித்தார். மலை மேய்ச்சல் முடிந்து சுவிஸ் மாடுகள் பூச்சூடிக் கழுத்து மணியோடு ஊருக்குள் இறங்கும்போது கார்கள் பின்னால் வரிசையில் காத்து நிற்பது நினைவுக்கு வந்தது. ட்ராமுக்கும் மணி இருக்கிறது. அப்படியென்றால் குறை பலகையில் இல்லை.

அடுத்த ஆடிக்கு மாமாவின் பெட்டியில் சொக்கிளேற் குறையும் என்று பிள்ளைகளுக்கு இப்போதே சொல்லியாகிவிட்டது. ஒரு மாட்டுமணியே இரண்டு கிலோ வருமாம்.