கோபுரம் தெரியுமா?

எந்த ஹோட்டல் நல்லது என்று உள்ளூர்க்காரனிடம் மட்டும் கேட்கக் கூடாது. சொந்த ஊரில் எவன் ரூம் போட்டுப் படுப்பான்? என் மச்சினனுக்கு இது எட்டவில்லை. நியூஜெர்சியிலிருந்து குடும்பத்தோடு வருகிறானாம். நேற்று ராத்திரி, நான் கொசுவலையைக் கட்டி முடித்த நேரத்தில் போன். “அத்தான், பசுமலையா கோச்சடையா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க.” எங்கள் மாடி அறை சும்மா கிடப்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. அவன் அக்காளுக்கு வந்த கோபம் இன்று காலை என் காபியில் தெரிந்தது.

இரண்டுமே பஞ்சு மில் துரைமார் புழங்கிய இடங்கள். பசுமலையில் மயில் உலாவும் பழைய பங்களா. கோச்சடையில் இருப்பது மில்காரர்களின் பழைய கிளப்; இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வரைந்தது, சுற்றிலும் மரங்கள். மதுரை வெயிலுக்கு ஒன்று மலையேறித் தப்பித்தது, இன்னொன்று நிழலில் உட்கார்ந்துகொண்டது. எனக்கென்னவோ உட்கார்ந்ததுதான் புத்திசாலி.

இவ்வளவும் விளக்கிய பிறகு அவன் கேட்டான்: “ரூம்ல இருந்து கோபுரம் தெரியுமா?”

இந்த வியாதிக்கு மருந்தே கிடையாது. மேலப்பெருமாள் மேஸ்திரி வீதிப் பக்கம் லாட்ஜில் இறங்குகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். ரூம் பையன் சன்னலைத் திறந்து, “அந்தா சார்” என்பான். அங்கே ஒரு சின்டெக்ஸ் தொட்டி. தொட்டிக்குப் பின்னால் டிஷ் ஆண்டெனா. ஆண்டெனாவுக்குப் பின்னால் யாரோ காயப்போட்ட கைலி. கைலி காற்றில் விலகும்போது ஒரு கலசம். கட்டில்மேல் ஏறினால் இரண்டு கலசம். பாத்ரூம் வென்டிலேட்டரில் தலையை விட்டால் யாளி முகம்கூடத் தெரியலாம், கழுத்து திரும்பி வந்தால். இதற்கு வாடகை தனி. தெற்குக் கோபுரம் 160 அடிக்கு மேல். வீதியில் நின்று அண்ணாந்தால் காசில்லாமல் முழுசாகத் தெரியும். ஆனால் ஏசியில், படுத்தபடி, கால் பெருவிரலுக்கு நேராகத் தெரிய வேண்டும். அதைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்க வேண்டும். வைத்துவிட்டு ஒரு தூக்கம் போட்டுக் கிளம்பினால், பகல் பன்னிரண்டரைக்கு நடை சாத்தியிருக்கும். அம்மன் இருப்பது கர்ப்பகிரகத்தில் ஐயா, கலசத்தில் இல்லை!

“கோபுர தரிசனம் கோடி புண்ணியம் அத்தான்” என்றான். கோடிக்கு ஜிஎஸ்டி எவ்வளவு என்று கேட்க நினைத்தேன்; மச்சினன் உறவாயிற்றே.

ராணி மங்கம்மாள் வழிப்போக்கர்களுக்குக் கட்டிய சத்திரம் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிறது. அந்த அம்மாளிடம் எவனும் வியூ கேட்டதாகச் செப்பேடு கிடையாது.

நான் சொல்ல வந்தது வேறு. அதற்குள் இன்று மத்தியானம் அவனிடமிருந்து மெசேஜ்: “பிள்ளைங்களுக்கு ஹோட்டல் சாப்பாடு ஒத்துக்காது. அக்காவ மூணு வேளையும் ஏதாவது செஞ்சு குடுத்துவிடச் சொல்லுங்க.” கோபம் போன இடம் தெரியவில்லை, அக்காள் அயிரை மீனுக்கு ஆள் சொல்லி அனுப்பியாயிற்று. எங்கள் வீடு அரசரடியில். பசுமலை என்றால் பழங்காநத்தம் நெரிசலில், மொபெட்டில் தூக்குவாளியை மாட்டிக்கொண்டு போக வேண்டியது நான்.

‘கோச்சடையே போடு. கட்டடக்கலை அப்படி’ என்று பதில் அனுப்பினேன்.