சாவிக்கும் ஒரு பரீட்சை வைப்போமாலே!

ஏலே மருமகனே, பஸ் ஸ்டாண்டுல ஒருத்தன் வலிப்பு வந்து விழுந்தானாம், நீ ஓடிப்போயி அவன் கையில சாவிக்கொத்தைத் திணிச்சியாம், உடனே நின்னுட்டாம். ஊரே பேசுது. பெரிய வைத்தியன்தாம்லே நீ! எனக்கு ஒரே ஒரு சந்தேகம். அது வீட்டுச் சாவியா, வண்டிச் சாவியா? இப்ப வாற வண்டிச் சாவியில இரும்பைவிட பிளாஸ்டிக்தான் ஜாஸ்தி. அதுக்கும் வலிப்பு கட்டுப்பட்டுதுன்னா குறிச்சு வச்சிக்கிடுவோம்.

கோவிச்சுக்கிடாத. பெரும்பாலான வலிப்பு ரெண்டு மூணு நிமிசத்துல தானா அடங்கிரும். நீ கூட்டத்தை விலக்கி, சாவியைத் தேடி எடுத்து, அவன் விரலைப் பிரிச்சுத் திணிக்கதுக்குள்ள அது பாட்டுக்கு நின்னிருக்கும். பேரு மட்டும் சாவிக்கு.

மருந்துக்கும் இப்படி ஓசியில பேரு கிடைச்சிரும்னு பயந்துதான் ஆராய்ச்சி பண்ணுதவன் தன் கண்ணையே நம்ப மாட்டேங்கான். புது வலிப்பு மருந்து வந்தா, நோயாளி வழக்கமாத் திங்க மாத்திரைய நிறுத்தாம, கூடச் சேத்துக் குடுக்கான். கொஞ்சப் பேருக்குப் புது மருந்து, மத்தவுகளுக்கு அதே நிறத்துல வெறும் மாத்திரை. எது யாருக்குன்னு குடுக்கவனுக்கும் தெரியாது, திங்கவனுக்கும் தெரியாது. நம்மூருன்னா டீக்கடைக்கு முதல்ல தெரிஞ்சிருக்கும்!

மருந்து குடுக்க முன்னாடியே சில வாரம், எத்தன தரம் வலிப்பு வந்துதுன்னு நோட்டுல குறிக்கணும். பெறவும் குறிக்கணும். பாதிக்குப் பாதி குறைஞ்சவுக எத்தன பேருன்னு எண்ணுவாக. வேடிக்கை என்னன்னா, வெறும் மாத்திரை தின்னவுகள்லயும் சிலருக்குக் குறையும். அந்தக் கணக்கைக் கழிச்சிட்டு மிஞ்சுததுதான் மருந்தோட சொந்தச் சம்பாத்தியம். உன் சாவிக்குக் கழிச்சுப் பாத்தா என்ன மிஞ்சும், சொல்லு?

அமெரிக்காவுல மெரிட், புட்னம்னு ரெண்டு டாக்டர்மாரு. பூனைக்குக் கரண்ட் குடுத்து வலிப்பு வரவச்சு, எது தடுக்குதுன்னு மருந்து மருந்தாப் பாத்து, ஃபெனிட்டாயின் ஆகும்னு கண்டுக்கிட்டு, 1938ல நோயாளிகளுக்குக் குடுத்த கணக்கை வெளியிட்டாக. இன்னைக்கும் அது ஆஸ்பத்திரியில இருக்கு. நீ ஒரு பூனை கையிலயாவது சாவி குடுத்துப் பாத்தியாலே?

இன்னொண்ணு கேளு. மாத்திரைக்கு அடங்காத வலிப்பு உள்ள 116 பிள்ளைகளை டெல்லி எய்ம்ஸ்ல குலுக்கல் முறையில ரெண்டாப் பிரிச்சாக. ஒரு பக்கம் மாத்திரையோட மூளை ஆபரேஷன், மறுபக்கம் மாத்திரை மட்டும். 2017ல முடிவு வந்துது. ஒரு வருசம் கழிச்சு ஆபரேஷன் பண்ணுன பக்கம் வலிப்பே இல்லாம இருந்தது நூத்துக்கு 77. மறுபக்கம் நூத்துக்கு 7. இதோட நிறுத்திருந்தா நானும் உன்னோட சேத்து அவுகளையும் கிண்டல் பண்ணிருப்பேன். ஆனா ஆபரேஷன் பண்ணுன பிள்ளைகள்ல மூணுல ஒண்ணுக்கு, ஒரு பக்கம் கை கால் பலவீனம் மாதிரி கடுமையான பாதிப்பு வந்ததையும் அதே கட்டுரையில எழுதி வச்சிருக்காக. சாவி குடுத்தும் அடங்காம ஆஸ்பத்திரிக்குப் போனவுக கணக்கை உங்க ஆளுகள்ல எவனாவது எழுதி வச்சிருக்கானா?

அதனால சொல்லுதேன். உங்க அத்தை மாத்திரை திங்காளே, "இப்ப நல்லாத்தான இருக்கு"ன்னு டாக்டரைக் கேக்காம நிறுத்தச் சொல்லாத. ஆராய்ச்சியில சேருதீகளான்னு யாராவது கேட்டா, அடிமாடு மாதிரி மிரளாத. தாளை வாசி, தொந்தரவு என்ன வரும்னு கேளு, பிடிக்கலைன்னா நடுவுலயும் விலகிக்கிடலாம். அடுத்த தரம் எவனாச்சும் விழுந்தா ஒருக்களிச்சுப் படுக்கவை, தலைக்கடியில துண்டை மடிச்சு வை, வாயில ஒண்ணும் திணிக்காத, மணியப் பாரு. அஞ்சு நிமிசம் தாண்டுச்சுன்னா 108க்குப் போனைப் போடு. சாவிய வச்சு வீட்டைப் பூட்டு. அது ஒண்ணுக்குத்தாம்லே அதைச் செஞ்சிருக்கான்.