புளியோதரையும் கரடியும்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

 

திருவல்லிக்கேணியிலிருந்து பொடிநடையாகவே மெரினாவுக்குப் போய்வரும் தாங்கள், ‘சமுத்திரம் பார்க்கக் குஞ்சும் குளுவானுமாகக் கப்பலேறிப் போவானேன்?’ என்று கேட்டிருந்தீர்கள். நாங்கள் வசிக்கும் வான்கூவரிலும் சமுத்திரம் உண்டுதான். ஆனால் அதே பெயருடைய பெருந்தீவு ஒன்று குறுக்கே கிடந்து அலைகளையெல்லாம் மறித்துவிடுவதால், அது தெப்பக்குளம் மாதிரி பரம சாதுவாக இருக்கிறது. நிஜமான பசிபிக்கைத் தரிசிக்க வேண்டுமானால், காரோடு கப்பலேறி, ஒன்றே முக்கால் மணி நேரத்தில் நனைமோவில் கரையிறங்கி, மலைப்பாதையில் தீவைக் குறுக்கே கடந்து, மேற்குக் கரையிலுள்ள யூக்ளூலெட், டொஃபினோ என்னும் சிற்றூர்களுக்குப் போய்ச் சேர வேண்டும்.

வழியில் கூம்ப்ஸ் என்ற இடத்தில், கடையொன்றின் கூரைமேல் புல் வளர்த்து அதில் ஆடுகளை மேயவிட்டிருக்கிறார்கள். அதற்கப்பால் கதீட்ரல் குரோவ் என்ற வனம். சோழர் ஆட்சி முடியுமுன்பே முளைத்துவிட்ட, எண்ணூறு வயதான டக்ளஸ் ஃபர் விருட்சங்கள் அங்கே ஆகாயத்தை அளாவி நிற்கின்றன. நான் பக்தி சிரத்தையோடு அண்ணாந்து நின்றபோது தங்கள் பெரிய பேரன் கேட்டது ஒன்றே: “இதுமேல ஆடு ஏறுமாப்பா?”

மேற்குக் கரையில் அந்த இரண்டு சிற்றூர்களுக்கும் நடுவே தேசியப் பூங்காவும், அதனுள் பதினாறு கிலோமீட்டர் நீளமுள்ள லாங் பீச் என்ற மணற்கரையும் இருக்கின்றன. அங்கே மனிதர்களைவிட அறிவிப்புப் பலகைகளே அதிகமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். கரடியைக் கண்டால் ஓடாதே, சாந்தமான குரலில் பேசியபடியே பின்வாங்கு என்கிறது ஒன்று. ஓநாயைக் கண்டாலும் ஓடாதே, குழந்தைகளைத் தூக்கிக்கொள் என்கிறது இன்னொன்று. பூமா என்ற பெரும்பூனை எதிர்ப்பட்டால், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, கைகளை உயர்த்தி உன்னைப் பெரியவனாகக் காட்டிக்கொள், பாய்ந்தால் எதிர்த்துப் போராடு என்கிறது மூன்றாவது. இரண்டு குழந்தைகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு கைகளையும் உயர்த்துவதென்பது பன்னிரு கரமுடைய முருகப் பெருமானுக்கே சாத்தியம். பூமி நடுங்கினால் சுனாமி வரும், மேட்டுக்கு விரைந்து போ என்ற நான்காவது பலகையைக் கண்டபோதுதான், ஓடுவதற்கு அனுமதியளிக்கும் ஓர் ஆபத்தாவது இருக்கிறதே என்று எனக்குச் சற்று ஆறுதலாயிற்று.

நாங்கள் கூடாரமடித்துத் தங்கிய இடத்தில், கூடாரத்துக்குள்ளும் வெளியிலும் ஆகாரம் எதையும் வைத்துவிட்டுப் போகலாகாது. பற்பசையையும் சோப்பையும்கூடக் காருக்குள் வைத்துப் பூட்ட வேண்டும். கரடிக்கு மூக்கு அத்தனை தீட்சண்யம். மனிதர் உணவை ஒருமுறை ருசித்த கரடி திரும்பத் திரும்ப வரும், கடைசியில் அதைச் சுட நேரும் என்பதால் இந்தக் கெடுபிடி. ரோந்து வந்த வனத்துறைப் பெண், மேஜைமேல் திறந்திருந்த புளியோதரைத் தூக்கைப் பார்த்து, “இதன் வாசனை வெகுதூரம் போகும், அம்மா” என்று வினயமாகச் சொன்னாள். எச்சரிக்கையாகச் சொன்னதைத் தங்கள் மருமகள் நற்சாட்சிப் பத்திரமாகவே எடுத்துக்கொண்டுவிட்டாள். இன்றுவரை அந்தப் பெருமை இறங்கவில்லை.

மழையைப் பற்றிச் சொல்லாவிட்டால் கடிதம் பூர்த்தியாகாது. வருஷத்துக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல், அதாவது சென்னையில் பெய்வதைப்போல் இரு மடங்குக்கும் அதிகம், பெய்கிற டொஃபினோவுக்கு மாரிக்காலத்தில் புயலை வேடிக்கை பார்ப்பதற்கென்றே ஜனங்கள் பணம் கொடுத்து வருகிறார்கள். தண்ணீரோ ஆடியிலும் ஐஸ்தான். பெரியவர்கள் ரப்பர் உடுப்பு மாட்டிக்கொண்டு அலையில் சறுக்க, நம் பிள்ளைகள் உதடு நீலம் பாய்ந்தும் கரையேற மறுத்தார்கள்.

இந்த ஆரண்யம் மிஞ்சியிருப்பதற்கும் காரணம் உண்டு. 1993-ல் டொஃபினோவை ஒட்டிய கிளாக்வாட் சவுண்ட் என்ற பகுதியில் மரம் வெட்டும் பாதையை மறித்து உட்கார்ந்து எண்ணூறு பேருக்கு மேல் கைதானார்கள். அவர்களில் பாட்டிமார்களும் உண்டு. உப்புச் சத்தியாக்கிரகக் கதைகளைச் சொல்லி என்னை வளர்த்த தங்களுக்கு இதற்குமேல் விவரிக்க வேண்டியதில்லை.

கரடியை நாங்கள் பார்த்தது படகிலிருந்துதான். நீர் வற்றிய கரையில் அது பாறைகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, அடியில் ஒளிந்திருந்த நண்டுகளைச் சாவகாசமாகத் தின்றுகொண்டிருந்தது. எங்களை ஏறிட்டும் பார்க்கவில்லை. எதற்காக அத்தனை டாலர் கொடுத்தோமோ அந்தக் காட்சியின்போது சின்னவன் என் தோளில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அவன் மனத்தைக் கவர்ந்ததெல்லாம் யூக்ளூலெட் மீன் காட்சிசாலைதான்; பருவம் முடிந்ததும் பிடித்த ஜீவன்களையெல்லாம் கடலிலேயே விட்டுவிடுகிற அந்தக் காட்சிசாலையில், நட்சத்திர மீனின் சொரசொரப்பான முதுகை ஒற்றை விரலால் தடவியபடி, இழுத்தாலும் வரமாட்டேன் என்று நின்றான்.

பலகைகளின் உபதேசம் மட்டும் வீண்போகவில்லை. வீடு திரும்பியபின், அடுத்த வீட்டு அம்மாளின் முழங்கால் உயர நாய்க்குட்டி லிஃப்டில் ஏறும்போதெல்லாம், பெரியவன் இரு கைகளையும் தூக்கி, சாந்தமான குரலில் அதனுடன் பேசியபடியே பின்வாங்குகிறான். லிஃப்டில் பின்வாங்க இடமில்லாததால், நித்தியம் என் காலைத்தான் மிதிக்கிறான்.

சித்திக்கு என் நமஸ்காரங்கள். மாவடு அனுப்புவதானால் இறுக மூடி அனுப்பச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் அண்ணன் மகன்